பக்கம் சரியாகத்தானே தெரிகிறது, பிறகு எதற்கு இணையத் தரநிலைகள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உருவாக்கிய ஒரு தளத்தை, பக்கத்தின் நிரலில் உள்ள பிழைகளைக் காட்டும் கருவியான வாலிடேட்டரில் கொடுத்துப் பார்த்தீர்கள். அது 90க்கும் மேற்பட்ட பிழைகளைப் பட்டியலிட்டது. அதே தளம் குரோமில் அழகாகத் திறக்கிறது, வாடிக்கையாளருக்கும் திருப்தி. உலாவியே பிழைகளைப் பொறுத்துக்கொண்டு பக்கத்தைக் காட்டிவிடும்போது, பக்கங்களை எழுதவும் காட்டவும் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதிகளான தரநிலைகளை எதற்காகப் பின்பற்ற வேண்டும், அத்தனை பிழைகளையும் உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: தரநிலை, தரநிலை என்று மூத்தவர்கள் வற்புறுத்துவதில் உண்மையான பயன் எவ்வளவு, வெறும் பழக்கம் எவ்வளவு? இருபது ஆண்டுகளுக்கு மேலாக இணையப் பக்கங்களைக் கட்டுவதே என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

அத்தனை பிழைகளையும் திருத்த வேண்டியதில்லை. சிலவற்றை இன்றே திருத்த வேண்டும். பலவற்றை அப்படியே விட்டுவிட்டாலும் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் உங்கள் வாதத்தின் அடித்தளத்தில் ஒரு பிசகு இருக்கிறது. பிழையுள்ள பக்கத்தையும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் ஒரே மாதிரி காட்டுகின்றன என்றால், அதுவே தரநிலைகள் செய்து கொடுத்த வேலை. எந்தப் பிழை வந்தால் அதை எப்படிச் சமாளிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதிவைத்து, உலாவி செய்பவர்கள் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்ட பிறகே இந்த நிம்மதி கிடைத்தது. தரநிலைகள் தேவையில்லை என்பதற்குச் சான்றாக நீங்கள் காட்டும் அந்தப் பொறுமையே அவற்றின் மிகப் பெரிய சாதனை.

அதற்கு முந்தைய நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உலகளாவிய வலையை (வெப்) கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ, அதன் தரநிலைகளைக் கவனிப்பதற்கென்று 1994 அக்டோபரில் டபிள்யூ3சி அமைப்பைத் தொடங்கினார். அதே மாதம் கணினி வல்லுநர் ஹோகோன் வியூம் லீ, பக்கத்தின் உள்ளடக்கத்தை ஓரிடத்திலும் அதன் தோற்றத்தை வேறோரிடத்திலும் எழுத வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தார். பின்னர் பெர்ட் போஸும் அவருடன் சேர்ந்துகொள்ள, 1996 டிசம்பரில், தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் முதல் தரநிலை வெளியானது. ஆனால் சந்தை அதுவரை காத்திருக்கவில்லை. எழுத்தின் நிறத்தையும் அளவையும் மாற்ற ‘ஃபான்ட்’, எழுத்தை மின்னி மின்னி மறையவைக்க ‘பிளிங்க்’ என்று அன்றைய முன்னணி உலாவியான நெட்ஸ்கேப் தன் விருப்பத்துக்கு டேகுகளை, அதாவது பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் கட்டளைச் சொற்களை, சேர்த்தது. எழுத்தைப் பக்கவாட்டில் ஓடவைக்கும் ‘மார்க்கீ’யை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. இன்ன உலாவியில் பார்த்தால்தான் இந்தத் தளம் நன்றாகத் தெரியும் என்ற அறிவிப்பை முகப்பிலேயே ஒட்டிவைப்பது அன்று சாதாரண வழக்கம்.

சிஎஸ்எஸ்ஸை நம்ப முடியாத நிலையில், பக்கத்தை வடிவமைக்க எல்லோரும் ‘டேபிள்’ டேகையே பயன்படுத்தினார்கள். புள்ளிவிவரங்களை அட்டவணையாகக் காட்டுவதற்கு வந்த டேக் அது. அதற்குள் பக்கத்தின் தலைப்பு, இடப்பக்கப் பட்டி, நடுப்பகுதி என்று எல்லாவற்றையும் அடைத்தார்கள். ஒரு அட்டவணைக்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று என்று ஐந்தாறு அடுக்குகள் போகும். இடைவெளி வேண்டிய இடத்தில் ஒரு பிக்சல் அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத கிஃப் படத்தை வைத்து இழுத்து நீட்டுவார்கள். இவ்வளவு அடுக்குகளில் எங்கேயாவது ஒரு அட்டவணையை மூடும் டேக் விடுபட்டுப்போனால், மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் தானே யூகித்து மூடிக்கொண்டு பக்கத்தைக் காட்டிவிடும். நெட்ஸ்கேப் 4 வெற்றுப் பக்கத்தைக் காட்டும். பிழைச் செய்தியும் வராது. ஒரே பிழைக்கு ஓர் உலாவியில் முழுப் பக்கம், இன்னொன்றில் வெறுமை. நீங்கள் இன்று பார்க்கும் பொறுமை அன்றும் இருந்தது. ஆளுக்கொரு விதமாக இருந்ததுதான் வினை.

அகலக் கணக்கையும் பாருங்கள். ஒரு பெட்டிக்கு 200 பிக்சல் அகலம், உள்ளே இருபுறமும் 20 பிக்சல் இடைவெளி, சுற்றிலும் 5 பிக்சல் தடிமனுள்ள கோடு என்று எழுதுகிறீர்கள். அகலம் என்பது உள்ளடக்கத்துக்கு மட்டும் உரியது என்றது தரநிலை; அதன்படி பெட்டி திரையில் 250 பிக்சல் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் இருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, இடைவெளியையும் கோட்டையும் அந்த 200க்குள்ளேயே அடக்கியது. ஒரு பெட்டிக்கு 50 பிக்சல் வித்தியாசம். மூன்று பெட்டிகளை அருகருகே வைத்தால் ஏதோவோர் உலாவியில் கடைசிப் பெட்டி கீழே விழுந்துவிடும். சுவையான விஷயம் என்னவென்றால், மைக்ரோசாஃப்ட்டின் கணக்கே வேலைக்கு வசதியானது என்று பின்னர் பெரும்பாலோர் முடிவுசெய்தார்கள். இன்று ‘பாக்ஸ்-சைஸிங்’ என்ற ஒரு சிஎஸ்எஸ் வரியால் அதையே நாமாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். அதனால் தரநிலை சொன்ன கணக்கு சிறந்தது என்று நான் வாதாட மாட்டேன். எல்லோரும் ஒரே கணக்கைப் போட்டார்களா என்பதே அங்கே பிரச்சினை.

இந்தக் குழப்பத்தை எதிர்த்து 1998இல் ஜெஃப்ரி ஸெல்ட்மேன், ஜார்ஜ் ஓல்சன், கிளென் டேவிஸ் உள்ளிட்ட வடிவமைப்பாளர்கள் இணையத் தரநிலைத் திட்டம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நீங்களே உட்கார்ந்து ஒப்புக்கொண்ட தரநிலைகளை உங்கள் உலாவியில் முழுமையாகச் செய்து கொடுங்கள் என்று நிறுவனங்களைக் கேட்டார்கள். 2000 மார்ச்சில் மேக் கணினிகளுக்கு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 ஒரு பெரிய முன்னேற்றம். டான்டெக் செலிக்கின் குழு உருவாக்கிய அந்த உலாவி முதல் சிஎஸ்எஸ் தரநிலையை ஏறத்தாழ முழுமையாகப் பின்பற்றியதோடு, பழைய பக்கங்கள் உடையாமல் இருக்க ஒரு வழியையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பக்கத்தின் முதல் வரியில், அது எந்தத் தரநிலைப்படி எழுதப்பட்டது என்று சொல்லும் ‘டாக்டைப்’ அறிவிப்பு முறையாக இருந்தால் தரநிலைப்படி காட்டும். இல்லையென்றால் பழைய உலாவிகளின் வழக்கப்படி காட்டும். அந்த ஏற்பாடு இன்றும் எல்லா உலாவிகளிலும் உயிரோடு இருக்கிறது. உங்கள் பட்டியலில் டாக்டைப் இல்லை என்ற பிழை இருந்தால் அதை முதலில் திருத்துங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். அது இல்லாத பக்கத்தில் அட்டவணைக்குள் இருக்கும் எழுத்துக்கு வெளியில் நீங்கள் கொடுத்த அளவு போய்ச் சேராது. சிஎஸ்எஸ்ஸில் குறிப்பிடுவதற்காகப் பகுதிகளுக்கு நீங்கள் வைக்கும் வகுப்புப் பெயர்களில் (கிளாஸ்) பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் பார்க்கப்படாது. காரணம் தெரியாமல் நாள் முழுவதும் தேட நேரிடும்.

உலாவிகள் ஓரளவு தேறினாலும் வடிவமைப்பாளர்களை நம்பவைப்பது தனி வேலையாக இருந்தது. 2002இல் டக்ளஸ் போமன் வயர்ட் நியூஸ் தளத்தை அட்டவணைகள் இல்லாமல் சிஎஸ்எஸ்ஸால் மறுவடிவமைத்தார். அடுத்த ஆண்டு ஈஎஸ்பிஎன் அதே பாதையில் போனது. பெரிய தளங்களுக்கு இது சரிப்படாது என்ற பேச்சு அதோடு அடங்கத் தொடங்கியது. 2003 மே மாதம் டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் தளத்தில், பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் கோப்பு ஒன்றே ஒன்று. யார் வேண்டுமானாலும் அதற்கு வேறு சிஎஸ்எஸ் கோப்பை எழுதி அனுப்பலாம். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அதே பக்கம் முற்றிலும் வேறு தோற்றங்களில் வந்து நிற்கும். தோற்றத்தைப் பிரித்து எழுதுவதால் அழகு குறையும் என்று நினைத்த பலரின் மனத்தை எந்தக் கட்டுரையையும்விட அந்தத் தளம் வேகமாக மாற்றியது என்பது என் உறுதியான கருத்து.

நடுவில் ஒரு தவறான பாதையும் உண்டு. உங்கள் கேள்விக்கு அது நேரடியாகப் பொருந்துகிறது. பிழைகளைப் பொறுத்துக்கொள்வதே கூடாது என்று ஒரு காலத்தில் டபிள்யூ3சி நினைத்தது. 2000 ஜனவரியில் வெளியான எக்ஸ்எச்டிஎம்எல், தரவுகளை எழுத உதவும் எக்ஸ்எம்எல் என்ற மொழியின் கண்டிப்பான இலக்கணத்தை இணையப் பக்கங்களுக்குக் கொண்டுவந்தது. பக்கத்தை உண்மையாகவே அந்த வகையில் அனுப்பினால், மூடாத ஒரு டேகோ, தனித்து நிற்கும் ஒரு ‘&’ குறியோ போதும்; ஃபயர்ஃபாக்ஸில் பக்கத்துக்குப் பதில் பிழைச் செய்தி மட்டும் வரும். வாசகர் யாரோ எழுதிய பின்னூட்டத்தில் அந்தக் குறி இருந்தால்கூட முழுப் பக்கமும் காணாமல்போகும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரோ 2011இல் ஒன்பதாம் பதிப்பு வரும்வரை அந்த வகைப் பக்கத்தை ஏற்கவே இல்லை. அதனால் எக்ஸ்எச்டிஎம்எல் எழுதியதாகச் சொன்ன தளங்களில் பெரும்பாலானவை அதைச் சாதாரண எச்டிஎம்எல்லாகவே அனுப்பின. உலாவிகளும் பழைய பொறுமையோடு வாசித்தன. வாலிடேட்டரில் பச்சை நிறம் வாங்குவதே தரநிலை என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் வேர்விட்டது. உங்கள் மூத்தவர்களின் வற்புறுத்தலில் பழக்கம் என்று ஏதாவது இருக்குமானால் அது இங்கிருந்து வந்தது.

மாற்று வழி 2004இல் பிறந்தது. ஆப்பிள், மொஸில்லா, ஓபரா மூன்றும் சேர்ந்து டபிள்யூஎச்ஏடிடபிள்யூஜி என்ற குழுவைத் தொடங்கின. இயன் ஹிக்சன் ஆசிரியராக இருந்து எழுதிய அவர்களுடைய தரநிலையே எச்டிஎம்எல்5. அதன் மிக முக்கியமான பகுதி வீடியோ டேகோ, புதிய தலைப்பு டேகுகளோ இல்லை. ஒரு பக்கத்தை எழுத்தெழுத்தாக எப்படி வாசிக்க வேண்டும், ஒவ்வொரு பிழையிலும் என்ன செய்ய வேண்டும் என்ற நீண்ட, அலுப்பூட்டும் விதிகள்தான் அந்தப் பகுதி. உலாவிகள் அதுவரை எப்படி நடந்துகொண்டன என்பதைக் கவனித்து, பழைய பக்கங்கள் உடையாத வகையில் ஒரு பொது நடத்தையை அந்த விதிகள் நிலைநிறுத்தின. 2009இல் டபிள்யூ3சி எக்ஸ்எச்டிஎம்எல்2 வேலையைக் கைவிட்டது. 2014 அக்டோபரில் எச்டிஎம்எல்5ஐத் தன் பரிந்துரையாக வெளியிட்டது. 2019இல் எச்டிஎம்எல்லுக்கு அந்தக் குழுவின் ஒரே பதிப்பு போதும் என்று இரு தரப்பும் உடன்பட்டன.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். பிழைகளை எண்ணாதீர்கள், பிரியுங்கள். ‘சென்டர்’ டேக் வழக்கொழிந்தது என்ற வகைச் செய்திகளை ஓய்வு கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். எந்த உலாவியும் அதைக் காட்டாமல் விடப்போவதில்லை. ஒரு ‘பி’ டேகுக்குள், அதாவது பத்திக்குள், ‘டிவ்’ என்ற பொதுப் பெட்டி டேகை வைத்திருந்தால் அதைத் திருத்துங்கள். டிவ்வைக் கண்டவுடன் உலாவி உங்கள் பத்தியைத் தானே மூடிவிடும். டிவ் பத்திக்கு வெளியே போய்விடும். கடைசியில் நீங்கள் எழுதிய பத்தி மூடும் டேகுக்கு இணை இல்லாததால், அங்கே ஒரு காலிப் பத்தியைப் புதிதாக உருவாக்கும். பத்திக்குள் இருக்கும் பெட்டிக்கு என்று நீங்கள் எழுதிய சிஎஸ்எஸ் வரி வேலை செய்யாததற்கும், கீழே காரணமில்லாமல் ஓர் இடைவெளி தெரிவதற்கும் இதுவே காரணமாக இருக்கும். விதிப்படிதான் எல்லா உலாவிகளும் இதைச் செய்கின்றன. ஆனால் அந்த விதி உங்கள் மனத்தில் இருந்த அமைப்பைக் காப்பாற்றுவதற்கு எழுதப்பட்டதில்லை.

பக்கத்தில் ஒன்றை மட்டும் தனித்து அடையாளம் காட்ட வேண்டிய ‘ஐடி’ இரண்டு இடங்களில் வருகிறது என்ற பிழையை ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள். படிவத்தில் இரண்டு பெட்டிகளுக்கு ஒரே ஐடி இருந்தால், இரண்டாவது பெட்டியின் பெயர்மீது சொடுக்கும்போது கர்சர் முதல் பெட்டிக்குப் போகும். கண்ணால் பார்த்து மௌஸால் சொடுக்குபவர் அதைக் கவனித்துத் திருத்திக்கொள்வார். ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்வதைக் கேட்டு நிரப்புபவருக்கு இரண்டாவது பெட்டி பெயரே இல்லாத பெட்டி. அதேபோல் பொருளுணர்த்தும் படத்துக்கு அதைச் சொற்களில் விளக்கும் ‘ஆல்ட்’ விவரம் இல்லாதது, பெட்டிக்கு அதன் பெயரைச் சொல்லும் ‘லேபிள்’ இல்லாதது இரண்டும் ஆளைத் தொடும் பிழைகள். 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தளத்தில் படங்களுக்கு விவரம் இல்லை என்று பார்வையற்றவரான புரூஸ் மகுவைர் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டு வென்றார். ஏற்பாட்டுக் குழு அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர நேர்ந்தது. கால் நூற்றாண்டு கழிந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. வெப்எய்ம் நிறுவனம் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கி முறையில் சோதிக்கிறது. 2024இல் அவற்றில் 95.9 சதவீதத்தில், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத் தடையாகும் அணுகல் குறைபாடுகள் இருந்தன. எனக்கு இது கோபத்தையே தருகிறது, ஏனென்றால் அவற்றில் அடிக்கடி வரும் குறைகள் சில நிமிடங்களில் திருத்தக்கூடியவை.

வாலிடேட்டர் கண்டுபிடிக்காத தவறும் உண்டு. ஒரு டிவ்வுக்கு நிறம் பூசி, ஓரங்களை வளைத்து, ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் சொடுக்கை இணைத்துப் பொத்தான் செய்கிறார்கள். இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் டேப் விசையை அழுத்திக்கொண்டே போனால் அது அகப்படாது. எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்தாலும் என்டர் விசைக்கு அசையாது. அது பொத்தான் என்று ஸ்கிரீன் ரீடர் சொல்லாது. அத்தனையையும் ஒவ்வொன்றாக எழுதிச் சேர்க்கலாம், சேர்த்தவர்களும் இருக்கிறார்கள். ‘பட்டன்’ என்று எழுதினால் எல்லாம் இலவசமாக வந்துவிடும். தலைப்புக்குத் தலைப்பு டேக், பட்டியலுக்குப் பட்டியல் டேக், பொத்தானுக்குப் பொத்தான் டேக் என்ற ஒழுங்கையே நான் தரநிலையின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். பக்கத்தை மௌஸ் இல்லாமல் ஒருமுறை முழுவதும் நடந்து பாருங்கள். வாலிடேட்டர் சொல்லாத பலவற்றை அது சொல்லும். இந்த இடத்தில் என் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நான் ஸ்கிரீன் ரீடரைச் சோதனைக்காக மட்டும் பயன்படுத்துபவன். அன்றாடம் அதை நம்பி வாழ்பவர் உங்கள் பக்கத்தைப் பற்றி ஒன்று சொன்னால், என் கருத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இதுவரை சொன்னவற்றை உறுதியாகச் சொல்ல முடியும். உறுதியில்லாதவற்றையும் பிரித்துக் காட்டுகிறேன். பிழையில்லாத எச்டிஎம்எல் எழுதினால் தேடலில் முன்னுக்கு வரலாம் என்று சிலர் சொல்லி வாடிக்கையாளரைச் சம்மதிக்கவைக்கிறார்கள். பிழை எண்ணிக்கையைத் தேடுபொறிகள் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கின்றன என்பதற்கு நம்பத்தக்க ஆதாரத்தை நான் கண்டதில்லை. அந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட பிழைக்கு நேரடி விளைவு உண்டு. பக்கத்தைப் பற்றிய விவரங்கள் இருக்கும் ‘ஹெட்’ பகுதிக்குள் தெரியாமல் ஒரு படமோ, வேறொரு பக்கத்தை உள்ளே காட்டும் ஐஃபிரேமோ வந்துவிட்டால் உலாவி அங்கேயே அந்தப் பகுதியை முடித்துவிடும். அதற்குக் கீழே நீங்கள் எழுதிய, இதுதான் மூலப் பக்கம் என்று அறிவிக்கும் ‘கனானிகல்’ வரியைக் கூகுள் படிக்காது. தரநிலைகள் எதனால் வென்றன என்பதிலும் ஒரே பதில் இல்லை. 2001இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பை வெளியிட்ட பிறகு மைக்ரோசாஃப்ட் ஏழாம் பதிப்பை 2006இல்தான் கொடுத்தது. அந்தத் தேக்கத்தை 2004இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் உடைத்தது என்பார்கள் சிலர். 2007க்குப் பிறகு கைப்பேசிகள் பெருகியதால் ஒரே உலாவிக்கு, ஒரே திரை அளவுக்கு எழுதுவது சாத்தியமில்லாமல் போனது என்பார்கள் வேறு சிலர். இரண்டில் கைப்பேசிக்கே நான் கூடுதல் எடை கொடுப்பேன். இது என் மதிப்பீடு, நிரூபணம் இல்லை.

கடைசியாக, குரோமில் திறக்கிறது என்று நீங்கள் எழுதிய வாக்கியம்தான் எனக்கு அந்தப் பிழைப் பட்டியலைவிடக் கவலை தருகிறது. ஓபரா 2013இல் குரோமின் எஞ்சினுக்கு, அதாவது பக்கத்தை வரைந்து காட்டும் உள்மென்பொருளுக்கு, மாறியது. மைக்ரோசாஃப்ட் எட்ஜ் 2020இல் மாறியது. குரோமில் சோதித்தால் எல்லாவற்றிலும் சோதித்ததாக எண்ணும் மனநிலை இதனால் வளர்கிறது. ஐபோனில் குரோம் என்ற பெயரில் நிறுவப்படுவதுகூட உள்ளே சஃபாரியின் வெப்கிட் எஞ்சினில் ஓடிவருகிறது என்பது பலருக்குத் தெரியாது. முன்பு சிஎஸ்எஸ் பெயர்களின் முன்னால் வெப்கிட்டுக்கு மட்டும் உரிய முன்னொட்டுகளைச் சேர்த்துக் கைப்பேசித் தளங்களை எழுதித் தள்ளியதால், ஃபயர்ஃபாக்ஸ் 2016இல் அந்த முன்னொட்டுகளைத் தானும் ஏற்கவேண்டிய கட்டாயம் வந்தது. ஒரு நிறுவனத்தின் தனி வழக்கம் அப்படித்தான் எல்லோர் தலையிலும் நிரந்தரமாக ஏறிக்கொள்கிறது. பக்கத்தை ஒப்படைக்கும் முன் ஃபயர்ஃபாக்ஸிலும் ஓர் ஐபோனிலும் திறந்து பாருங்கள். புதிய வசதி ஒன்றைப் பயன்படுத்த ஆசைப்பட்டால் அதன் ‘பேஸ்லைன்’ நிலையைப் பாருங்கள்: முக்கிய உலாவிகள் அனைத்திலும் வந்து 30 மாதங்கள் ஆனவற்றைப் பரவலாகக் கிடைப்பவை என்று அது குறிக்கும், அவற்றைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். தரநிலைப்படி எழுதியும் ஓர் உலாவியில் மட்டும் பக்கம் வேறு மாதிரி தெரிந்தால், அந்த வேறுபாட்டை மட்டும் காட்டும் பத்து வரி மாதிரிப் பக்கம் ஒன்றைச் செய்து, அந்த உலாவியின் பிழைப் பதிவேட்டில் புகாராகக் கொடுங்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றின் பதிவேடுகளும் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கின்றன.